வண்டியின் மேனியைப் பேணுதல்

நெசவாளருக்குத் தறியும் விவசாயிக்கு ஏரும் எத்துணை இன்றியமையாதனவோ, அத்துணை இன்றியமையாததாக இருசக்கர வாகனமும் இக்காலத்தில் ஆகிவிட்டது. சங்கத்திலிருந்து பாவும் ஊடையும் வாங்கி வருவதும், நெய்து முடித்த சேலைகளைக் கொண்டுபோய் ஒப்படைப்பதும், விடியற்காலையில் பால் கேனைக் கொள்முதல் நிலையத்துக்குச் சேர்ப்பதும், கீரைக்கட்டையும் கத்தரிக்காய்ச் சாக்கையும் சந்தையில் இறக்குவதும் இன்று பெரும்பாலும் மொபெட், ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றின் துணையாலேயே நடைபெறுகின்றன. நம் அங்கத்தினர்களுள் பலர் கடன் பெற்றே வண்டி வாங்குகின்றனர். கடைசித் தவணையைக் கட்டி முடிக்கும் நாளில் அவ்வண்டி உழைக்கும் நிலையில் இருக்கிறதா, துருப்பிடித்துக் கிடக்கிறதா என்பதைப் பொறுத்தே அக்கடனால் விளைந்த பயனைக் கணக்கிட வேண்டும்.

எண்ணெய் மாற்றுவதிலும், பிரேக்கைச் சரிபார்ப்பதிலும், டயருக்குக் காற்றடிப்பதிலும் கவனம் செலுத்துவோர்கூட, வண்டியின் மேல் விழும் கீறலைப் பொருட்படுத்துவதில்லை. “ஓடுகிற வண்டிக்கு அழகு எதற்கு?” என்பது அவர்கள் கேள்வி. கீறல் அழகை மட்டும் கெடுப்பதாயின் நாமும் அக்கேள்வியை ஒப்புக்கொள்வோம். அது இரும்பையும் கெடுப்பதனாலேயே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

வண்ணத்தின் அடுக்குகள்

வண்டியின் மேல் நாம் காணும் நிறம் ஒரே பூச்சு அன்று. தொழிற்சாலையில் முதலில் இரும்புத் தகட்டின் எண்ணெய்ப் பசை நீக்கப்பட்டு, துருவைத் தடுக்கும் இரசாயனக் குளிப்பு அளிக்கப்படுகிறது. அதன்மேல் பிரைமர் என்னும் அடிப்பூச்சு, அதன்மேல் நிறப்பூச்சு, இக்கால வண்டிகள் பெரும்பாலானவற்றில் எல்லாவற்றிற்கும் மேலாகக் கிளியர் என்னும் நிறமற்ற ஒளிப்பூச்சு. இவை யாவும் சேர்ந்தும் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான். ஒளிப்பூச்சு மட்டும் சாதாரணமாக 30 முதல் 50 மைக்ரான் வரையில் இருக்கும். 1,000 மைக்ரான் சேர்ந்ததே ஒரு மில்லிமீட்டர். நம் தலைமயிர் ஒன்றின் கனமே ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால், நம் வண்டியை வெயிலினின்றும் மழையினின்றும் காக்கும் அப்போர்வை எவ்வளவு மெல்லியது என்பது விளங்கும்.

இந்த ஒளிப்பூச்சே வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்களைத் தாங்கி, அடியிலுள்ள நிறம் வெளிறாமல் காக்கிறது. பாலிஷ் போடுவது என்பது கீறலை நிரப்புவது அன்று; கீறலைச் சுற்றியுள்ள பூச்சைக் கீறலின் அடிமட்டத்துக்குத் தேய்த்துக் குறைப்பதே ஆகும். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் நம் முதலில் சிறிது செலவாகிறது. ஆகவே தேவையான இடத்தில், தேவையான அளவு மட்டும் தேய்ப்பதே விவேகம். மாதந்தோறும் காம்பவுண்டு போட்டுப் பளபளக்கச் செய்வோர், சில ஆண்டுகளில் ஒளிப்பூச்சையே இழந்துவிடுவர்.

துரு பரவும் விதம்

இரும்பும், நீரும், காற்றிலுள்ள பிராணவாயுவும் ஒன்றுகூடினால் துரு உண்டாகிறது. உப்பு சேர்ந்தால் அது விரைவு பெறுகிறது. கடற்கரை ஊர்களில் வண்டிகள் சீக்கிரம் துருப்பிடிப்பதற்கு உப்புக் காற்றே காரணம். பயிருக்கு இடும் பொட்டாஷ் உரமும் ஒருவகை உப்புதான். உரமூட்டையிலிருந்து சிந்திய துகள் கீறலில் தங்கி, இரவுப் பனியில் நனைந்தால், வேறு கேடு வேண்டுவதில்லை.

துருவிற்கு இன்னொரு குணமும் உண்டு. தான் தோன்றுவதற்குக் காரணமான இரும்பைக் காட்டிலும் அது அதிக இடத்தைப் பிடிக்கும். எனவே கீறலின் ஓரத்திலுள்ள நல்ல பூச்சையும் அது அடியிலிருந்து தூக்கி உரிக்கிறது. உரிந்த இடத்தில் மீண்டும் நீர் புகுகிறது. ஊசி முனையளவு தோன்றிய புள்ளி, இரண்டு மழைக்காலங்களில் உள்ளங்கையளவு ஆவதன் இரகசியம் இதுவே.

சில வண்டிகளில் இதன் விளைவு மிகவும் கடுமையானது. 1946இல் இத்தாலியில் தோன்றிய வெஸ்பா ஸ்கூட்டரில் தனிச் சட்டம் கிடையாது. அழுத்தி வார்த்த எஃகுத் தகட்டு உடற்கூடே சட்டமாகவும் நின்று பாரத்தைத் தாங்கியது. 1972இல் நம் நாட்டில் வெளிவந்த பஜாஜ் சேதக்கும் அவ்வழியில் அமைந்ததே. அத்தகைய பழைய ஸ்கூட்டரை இன்றும் ஓட்டுவோர், கால் வைக்கும் தளத்தின் அடிப்புறத்தை அவசியம் பார்க்க வேண்டும். அங்கே துரு தின்பது வண்ணத்தை அன்று, வண்டியின் முதுகெலும்பையே. குழாய்ச் சட்டமுடைய மற்ற வண்டிகளிலும் மட்கார்டின் உட்புறம், பெட்ரோல் டாங்கியின் அடிவிளிம்பு, ஸ்டாண்டின் மூட்டு, கேரியரின் பற்றவைப்பு ஆகிய இடங்கள் கவனத்திற்குரியவை.

கீறலின் ஆழம் அறிதல்

மருந்து கொடுக்கும் முன் நாடி பார்ப்பதுபோல, தேய்க்கத் தொடங்கும் முன் கீறலின் ஆழத்தை அறிய வேண்டும். இதற்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை.

கழுவித் துடைத்த இடத்தில் கீறலின்மேல் சிறிது நீரைத் தடவிப் பாருங்கள். ஈரமாய் இருக்கும்வரை கீறல் மறைந்து, உலர்ந்ததும் மீண்டும் தோன்றுமாயின், அது ஒளிப்பூச்சிற்குள் மட்டும் இருக்கிறது. கீறலின் ஓரங்களில் ஒளி சிதறுவதால்தான் அது வெண்மையாகத் தெரிகிறது. நீர் அப்பள்ளத்தை நிரப்பும்போது சிதறல் குறைந்து கீறல் கண்ணுக்கு மறைகிறது. இத்தகையதைக் கையாலேயே போக்கலாம்.

அடுத்து, விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் வழுக்கிச் சென்றால் கவலையில்லை. நகம் தட்டி நின்றால் கீறல் ஆழமானது. பாலிஷ் மட்டும் போதாது. கீறலுக்குள் சாம்பல் நிறம் தெரிந்தால் பிரைமர் வரையிலும், பளபளப்போ செந்நிறமோ தெரிந்தால் இரும்பு வரையிலும் சென்றுவிட்டது என்று கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, மறைவான ஓரிடத்தில் வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். வண்டியின் நிறம் துணியில் ஏறினால், அதற்கு ஒளிப்பூச்சு இல்லை. தேய்ப்பது நேரே நிறப்பூச்சையே குறைக்கும். பழைய வண்டிகள் பல இவ்வகையின. அவற்றில் கை இன்னும் இலேசாக இருத்தல் வேண்டும்.

கழுவுதலே முதற்படி

உலர்ந்த புழுதியைத் துணியால் துடைப்பதைப்போல் வண்டிக்குத் தீங்கு வேறில்லை. புழுதியில் மணல் இருக்கிறது. துணிக்கும் பூச்சிற்கும் இடையே அகப்பட்ட மணல் உப்புத்தாளின் வேலையைச் செய்கிறது. வெயிலில் பார்க்கும்போது சிலந்தி வலைபோல் தெரியும் நுண்கீறல்கள் பெரும்பாலும் நாம் காலைதோறும் துடைத்துத் துடைத்து உண்டாக்கியவையே.

என்ஜின் ஆறிய பின், நிழலில் நிறுத்தி, முதலில் நீரைத் தாராளமாக ஊற்றி மண்ணை இறக்க வேண்டும். வாளிகள் இரண்டு வேண்டும். ஒன்றில் வாகன ஷாம்பூ கரைத்த நீர். மற்றொன்றில் வெறும் நீர். துணியைச் சோப்பு நீரில் தோய்த்து ஒரு பகுதியைத் துடைத்தபின், வெறும் நீரில் அலசி மணலைப் போக்கிவிட்டே மீண்டும் சோப்பு நீரில் தோய்க்க வேண்டும். மேலிருந்து கீழாக வருவதே முறை; சக்கரமும் மட்கார்டின் உட்புறமும் கடைசியில், அதுவும் வேறு துணியால். மைக்ரோபைபர் துணி கிடைப்பின் நன்று. இல்லையேல் தையலும் பொத்தானும் நீக்கிய பழைய பனியன் துணி போதுமானது. துணி தரையில் விழுந்துவிட்டால் அதை நன்கு அலசாமல் தொடலாகாது.

மேலோட்டமான கீறல்

நீரில் மறையும் கீறலுக்கு மெல்லிய பாலிஷ் போதும். சுற்றியுள்ள விளிம்புகள், ஸ்டிக்கர், பிளாஸ்டிக் ஆகியவற்றின்மேல் காகித டேப்பை ஒட்டி மறைத்துக்கொள்ள வேண்டும். மடித்த துணியில் கடலைப் பருப்பளவு பாலிஷ் எடுத்து, உள்ளங்கை இரண்டு அளவுள்ள இடத்தில் மட்டும் பரப்பி, மிதமான அழுத்தத்தில் முதலில் நீளவாட்டிலும் பின்னர் குறுக்குவாட்டிலும் தேய்க்க வேண்டும். பாலிஷ் உலரும் முன் வேறு சுத்தமான துணியால் துடைத்துப் பார்த்து, கீறல் போயிருப்பின் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். “இன்னும் சிறிது” என்ற ஆசையே பூச்சைத் தின்பது. பாலிஷால் போகாதபோதுதான் அதைவிடக் கரடான காம்பவுண்டை நாட வேண்டும். காம்பவுண்டிற்குப் பின் பாலிஷ் இட்டு மெருகேற்றுவது அவசியம்.

நடுத்தரக் கீறல்

நகம் சற்றே தட்டுகிற, ஆனால் நிறம் போகாத கீறலுக்கு வாட்டர் பேப்பர் தேவைப்படும். 2000 எண்ணுக்குக் குறைவான தாளை இவ்வேலைக்குத் தொடலாகாது. எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும் என்பதை நினைவிற்கொள்க. தாளைப் பதினைந்து நிமிடம் நீரில் ஊறவைத்து, சிறு ரப்பர்க் கட்டையில் சுற்றி, இடத்தை ஈரமாகவே வைத்துக்கொண்டு, இலேசாகச் சில இழுப்புகள் மட்டும் தேய்த்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். அவ்விடம் பால்போல் மங்கும். அது குறித்து அஞ்ச வேண்டுவதில்லை. 3000 எண் தாள், காம்பவுண்டு, பாலிஷ் என்ற வரிசையில் ஒளி மீண்டு வரும். டாங்கியின் வளைவு, மூடிகளின் முனை ஆகிய இடங்களில் பூச்சு மெலிந்திருக்குமாதலால் அங்கே தாளைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. ஒளிப்பூச்சு ஒருமுறை தேய்ந்து அற்றுப்போனால், எந்தப் பாலிஷும் அதை மீட்டுத் தராது. மீண்டும் வண்ணம் அடித்தல் ஒன்றே வழி.

இரும்பு தெரியும் கீறல்

தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் அன்று மாலை வரை காத்திருப்பதில்லை, அப்போதே முடிச்சிடுகிறார். இரும்பு தெரியும் கீறலுக்கும் அதே அவசரம் வேண்டும். முழுமையாகச் சீர்செய்ய அன்று நேரமில்லையாயின், இடத்தை உலர்த்தி, சிறிது மெழுகோ கிரீஸோ தடவி நீர் புகாமலாவது தடுக்க வேண்டும்.

சீர்செய்யும் நாளில், துருவை 400 எண் தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி நீக்க வேண்டும். துருவின்மேல் பூசிய வண்ணம் நிலைக்காது. தின்னர் நனைத்த துணியால் முன்பு இட்ட கிரீஸையும் மற்றப் பசையையும் துடைத்து, மெல்லிய தூரிகையால் பிரைமர் தொட்டு வைத்து உலரவிட வேண்டும். பின்னர் நிறத்தைத் தடிப்பாக ஒரே பூச்சாக அன்றி, மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சுகள், ஒவ்வொன்றும் உலர்ந்தபின் அடுத்ததாக இட வேண்டும். இறுதியில் கிளியர். ஒரு வாரம் கழித்து, மேடாக நிற்கும் இடத்தை 2000 எண் தாளால் சமப்படுத்திப் பாலிஷ் இடலாம்.

நிறம் வாங்கும்போது வண்டியின் நிறக் குறியீட்டைக் கேட்டு வாங்குதல் நலம். வெயிலில் ஓடிய வண்டியின் நிறம் சிறிது வெளிறியிருக்குமாதலால், புது நிறம் முற்றிலும் ஒத்துப்போகும் என்று எதிர்பார்த்தல் கூடாது. மறைவிடத்தில் தொட்டுப் பார்ப்பது நன்று. தகடு நசுங்கியிருந்தால் அது டிங்கரிங் செய்வோரின் வேலை. பட்டி பார்த்து வண்ணம் அடிப்பதும் கற்றவர் செய்ய வேண்டியதே. இருபொருள் கலந்து அடிக்கும் கிளியரின் ஆவி நுரையீரலுக்குத் தீங்கு செய்வது. உரிய முகக்கவசமும் பயிற்சியும் இல்லாதார் அதை வீட்டு முற்றத்தில் அடிக்கலாகாது. டாங்கியின் அருகில் வேலை செய்யும்போது பீடி, சிகரெட், விளக்கு எதுவும் அண்டலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மற்றப் பாகங்கள்

வண்ணம் பூசாத கறுப்புப் பிளாஸ்டிக் வெளிறினால் காம்பவுண்டு இடலாகாது. அது சொரசொரப்பான மேற்பரப்பில் வெண்மையாகத் தங்கிவிடும். அதற்கென விற்கும் பிளாஸ்டிக் பாலிஷே ஏற்றது. மங்கல் பூச்சு உடைய டாங்கிகளைத் தேய்த்தால் அங்கங்கே பளபளப்பு ஏறித் திட்டுத்திட்டாகும். அவற்றைக் கழுவுவதோடு நிறுத்திக்கொள்க. குரோமியம் பூசிய ஹாண்டிலிலும் வளையங்களிலும் தோன்றும் மேல்துருவை, கசக்கிய அலுமினியத் தாளை நீரில் நனைத்துத் தேய்த்துப் போக்கலாம். வண்ணப் பரப்பில் இம்முறை கூடாது.

1955இல் சென்னையில் தோன்றிய என்பீல்டு நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள்களில், டாங்கியின்மேல் ஓடும் பொன்னிறக் கோடுகளைக் கையாலேயே வரையும் மரபு உண்டு. சேலைக் கரையை நெய்பவருக்கு அக்கைவேலையின் அருமை தெரியும். அத்தகைய கோடுகளின்மேல் காம்பவுண்டு போட்டால் சில நிமிடங்களில் அவை மறைந்துவிடும். டேப் ஒட்டி மறைத்த பின்னரே அருகில் கை வைக்க வேண்டும்.

செய்யத்தகாதவை

பிரேக் டிஸ்க்கிலோ டிரம்மிலோ மெழுகு, எண்ணெய், பாலிஷ் ஒரு துளியும் படலாகாது. பட்டால் வண்டி நிற்காது. டயரின் பக்கச் சுவரில் பாலிஷ் இடுவோர் தரையைத் தொடும் பகுதியில் பூசினால், முதல் திருப்பத்திலேயே சறுக்கி விழ நேரிடும். இருக்கையில் வழவழப்பான திரவம் தடவினால் பின்னால் அமர்ந்திருக்கும் தாய்மாரும் குழந்தைகளும் நழுவுவர். மண்ணெண்ணெயால் மேனியைத் துடைத்தால் சற்று நேரம் மின்னும். அது மெழுகைக் கரைத்துப் புழுதியை ஈர்ப்பதே மிச்சம். துணி சோப்பு, சலவை சோடா, தேங்காய் நார், பாத்திரம் தேய்க்கும் கம்பி ஆகியவை வேண்டா. அழுத்தத் தண்ணீரைச் சக்கர பேரிங்குகளிலும், சுவிட்சுகளிலும், சைலன்சர் வாயிலும் பாய்ச்சலாகாது. மின்சார வண்டியாயின் நிறுத்தி அணைத்த பின்னரே கழுவி, மின்னேற்றும் வாய் நன்கு உலர்ந்த பின்னரே மின்னிணைப்புக் கொடுக்க வேண்டும்.

வருமுன் காத்தல்

கீறல்களில் பெரும்பகுதி விபத்தால் வருவதன்று, பழக்கத்தால் வருவது. சாவிக் கொத்தில் பத்துச் சாவிகளைக் கோத்துத் தொங்கவிட்டால், ஓடும் நேரமெல்லாம் அவை முன்புறத்தைக் கீறிக்கொண்டேயிருக்கும். மூட்டை கட்டும் கயிற்றில் படிந்த மணல், வண்டி குலுங்குந்தோறும் அரம்போல் அராவும். கயிறு படும் இடத்தில் பழைய துண்டு ஒன்றை மடித்து வைப்பதும், சாக்கின் அடியில் ரப்பர் விரிப்பு இடுவதும் எவ்வளவு எளியவை! உரமும் பூச்சிமருந்தும் ஏற்றிய நாளில் வண்டியை நீரூற்றிக் கழுவிவிட வேண்டும். பால் சிந்தினால் உடனே கழுவுக. புளித்த பாலின் அமிலம் பூச்சை மங்கச் செய்யும். பறவை எச்சமும் மரப்பிசினும் அவ்வாறே. அவற்றைச் சுரண்டாமல், ஈரத் துணியைச் சிறிது நேரம் வைத்து ஊறவைத்து எடுக்க வேண்டும். பெட்ரோல் நிரப்பும்போது வழிந்தால் அப்போதே துடைத்தல் வேண்டும்.

தறிக்கூடத்தின் அருகில் நிற்கும் வண்டியில் பஞ்சுத் தூசு என்ஜினின் மடிப்புகளிலும் காற்று வடிகட்டியிலும் அடையும். அது என்ஜினைச் சூடேற்றும். எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து சைலன்சர் அருகில் தங்கினால் தீப்பற்றவும் கூடும். வாரம் ஒருமுறை அதைத் தட்டி எடுப்பதும் மேனி பேணுதலின் ஒரு பகுதியே. உறையிட்டு மூடுவோர், புழுதியோடும் ஈரத்தோடும் மூடலாகாது. கழுவி உலர்த்திய வண்டியில் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மெல்லிய மெழுகு இட்டால், நீர் முத்துமுத்தாக உருண்டோடிவிடும்.

சங்கமும் அங்கத்தினரும்

ஒருவர் ஒரு கீறலுக்காக வாங்கும் காம்பவுண்டு, பாலிஷ், மெழுகு, தாள் ஆகியவற்றில் பெரும்பகுதி அலமாரியில் காய்ந்துபோகிறது. அதே பொருள் பத்துக் குடும்பங்களுக்குப் போதும். தனித்து வாங்கினால் வீண். சேர்ந்து வாங்கினால் சிக்கனம் என்னும் கூட்டுறவின் அரிச்சுவடி இங்கும் பொருந்துகிறது. சங்கத்தில் ஒரு பெட்டி வைத்து, மாதம் ஒரு ஞாயிறன்று கைவேலை தெரிந்த இளைஞர் ஒருவரைக் கொண்டு செய்துகாட்டச் சொன்னால், பலரும் கற்பர். அவருக்கும் வருவாய் கிட்டும்.

இறுதியாக ஒன்று சொல்ல வேண்டும். நன்கு பேணிய வண்டி விற்கும்போது நல்ல விலை பெறும். அது உரிமையாளர் உழைப்பிற்குக் கிடைக்கும் நியாயமான ஊதியம். ஆனால் வளைந்த சட்டத்தையும் துருத்தின்ற தளத்தையும் பட்டியாலும் பளபளப்பாலும் மறைத்து விற்பது, இழை குறைந்த துணிக்குக் கஞ்சியேற்றி விற்பதை ஒக்கும். கஞ்சி முதற் சலவையில் போய்விடும். வாங்கியவர் ஏமாற்றம் மட்டும் நிற்கும். வண்டியிலோ ஏமாற்றத்தோடு உயிரும் பணயமாகிறது. விபத்துண்ட வண்டியாயின் அதை வெளிப்படையாகக் கூறி, அதற்கேற்ற விலை பெறுவதே முறை.

கீறல் விழாத வண்டி உலகில் இல்லை. விழுந்த கீறலை அன்றே கண்டு, அதன் ஆழம் அறிந்து, தேவையான அளவு மட்டும் கை வைத்து, நீர் புகாமல் மூடிவிடுவதே நம் கையில் உள்ளது. வரும் மழைக்காலத்திற்கு முன் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தத்தம் வண்டியை ஒருமுறை கழுவி நிறுத்தி, மட்கார்டின் அடியிலும் டாங்கியின் விளிம்பிலும் கண்ணோட்டமிடுவார்களாக.